கடுகுக்கீரையை வீட்டில் சமைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடுகுக்கீரையை ஒருமுறை வாங்கி, மற்ற கீரைகளைப் போலவே அரிந்து, அப்படியே வதக்கிச் சாப்பிட்டுப் பார்த்து, "இது நமக்கு ஒத்துவராது" என்று விட்டுவிட்டவர்கள் பலர். அவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். இந்தக் கீரையின் காரம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்துகொண்டால் போதும், அதை வேண்டிய அளவுக்குக் கூட்டலாம், குறைக்கலாம். என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளையும், நானே சமைத்துப் பார்த்துக் கற்ற பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

கடுகுக்கீரை என்பது நாம் தாளிக்கும் கடுகுச் செடியின் இலைதானா?

ஆம். பழுப்புக் கடுகு தரும் செடியின் இளம் இலைதான் இது. முட்டைக்கோஸ், முள்ளங்கி, காலிஃபிளவர் எல்லாம் இதன் உறவுக்காரர்கள். டர்னிப் இனமும் கருங்கடுகு இனமும் இயற்கையாகக் கலந்து பிறந்த செடி இது. 1935-ல் நாகஹாரு உ என்ற தாவரவியலாளர் குரோமோசோம்களை எண்ணி இந்த உறவை விளக்கினார்: டர்னிப்பில் 20, கருங்கடுகில் 16, இதில் 36.

இலையில் பல வகை உண்டு. அகலமாகத் தட்டையாக இருப்பது, ஓரம் சுருள்சுருளாக இருப்பது, ஊதா நிறம் படர்ந்தது. சமையல் முறை எல்லாவற்றுக்கும் ஒன்றுதான். ஊதா வகையை வெந்நீரில் போட்டால் நிறம் போய்விடும். அந்த அழகு வேண்டுமானால் பச்சையாகத்தான் சாப்பிட வேண்டும்.

இலையைக் கடித்தால் மூக்கில் ஏறுகிறதே, ஏன்?

இதுதான் எல்லாவற்றுக்கும் அடிப்படையான கேள்வி. முழு இலையை முகர்ந்து பாருங்கள், வெறும் பச்சை வாசம்தான் வரும். கசக்கிவிட்டு முகர்ந்தால் மூக்கில் சுரீர் என்று ஏறும். காரணம், இலைக்குள் காரம் தயாராக இருப்பதில்லை. சினிகிரின் என்ற பொருள் ஓர் இடத்திலும், மைரோசினேஸ் என்ற நொதி வேறோர் இடத்திலும் தனித்தனியாக இருக்கின்றன. கத்தியோ பல்லோ பட்டு இலையின் செல்கள் உடையும்போது இரண்டும் கலந்து அல்லைல் ஐசோதயோசயனேட் உருவாகிறது. பூச்சி கடித்தால் அதைத் துரத்துவதற்காகச் செடி வைத்திருக்கும் ஏற்பாடு இது. வசாபியின் காரமும் இதே பொருளால் வருவதுதான்.

மிளகாயின் காரம் நாக்கிலேயே உட்கார்ந்துகொள்ளும். இது அப்படியில்லை, எளிதில் ஆவியாகக்கூடியது. அதனால்தான் மூக்குக்குப் போகிறது, சீக்கிரம் மறைந்தும் விடுகிறது.

கடுகிலேயே இதை நாம் தினமும் பார்க்கிறோம். முழுக் கடுகை எண்ணெயில் பொரித்தால் கொட்டை வாசம்தான் வரும், மூக்கில் ஏறாது. பச்சைக் கடுகைத் தண்ணீர் விட்டு அரைத்தால் கண்ணில் நீர் வரும். முதலாவதில், உடைவதற்கு முன்பே சூடு நொதியைச் செயலிழக்க வைத்துவிட்டது. இரண்டாவதில் நொதி உயிரோடு இருந்தது. இலையிலும் கதை இதேதான்: சூடு முந்துகிறதா, கத்தி முந்துகிறதா என்று மட்டும் பாருங்கள்.

அப்படியானால் காரத்தைக் குறைக்க என்ன செய்ய வேண்டும்?

முழு இலையாகவே கொதிநீரில் போடுங்கள். பெரிய பாத்திரத்தில் தாராளமாகத் தண்ணீர் வைத்து, உப்புப் போட்டு, நன்றாகத் தளதளவென்று கொதிக்கும்போது இலைகளை அமிழ்த்தி 1 முதல் 2 நிமிடம் மட்டும் விட்டு எடுங்கள். உடனே குளிர்ந்த நீரில் போட்டு, ஆறியதும் பிழிந்து, அதன் பிறகு அரியுங்கள். நொதி அடங்கிவிட்டதால் இனி எவ்வளவு பொடியாக அரிந்தாலும் மூக்கில் ஏறாது. சினிகிரின் தண்ணீரில் கரையக்கூடியது என்பதால் ஒரு பகுதி அந்த நீரோடு போய்விடும், கசப்பும் குறையும்.

காரம் வேண்டும் என்பவர்கள் நேர்மாறாகச் செய்யலாம். பொடியாக அரிந்து 10 நிமிடம் அப்படியே வைத்து, அடுப்பில் கொஞ்ச நேரமே வாட்டி இறக்குங்கள். அதிக நேரம் வதக்கினால் உண்டான காரமும் ஆவியாகிப் போய்விடும். இறக்கும் சமயத்தில் ஒரு கைப்பிடி பச்சை இலையை அரிந்து தூவுவது எனக்குப் பிடித்த வழி. வெந்த கீரையின் மென்மையும் பச்சையின் சுருக்கென்ற காரமும் ஒரே வாயில் கிடைக்கும்.

கீரையை வேகவைத்த தண்ணீரைக் கொட்டுவதா என்றும் கேட்பார்கள். வைட்டமின் சி போன்றவை அதில் இறங்கியிருக்கும் என்பது உண்மை. ருசித்துப் பாருங்கள். கசப்பு தாங்கும் அளவில் இருந்தால் பருப்பு வேகவைக்கவோ சூப்புக்கோ பயன்படுத்துங்கள். கடுமையாக இருந்தால் தயங்காமல் கொட்டிவிடுங்கள். கசந்துபோய் யாரும் தொடாத கீரையில் எவ்வளவு சத்து இருந்து என்ன பயன்?

காரம் போனாலும் கசப்பு நிற்கிறதே?

கசப்பை முழுதாக விரட்ட முயலாதீர்கள், அதற்குத் துணை சேருங்கள். முதல் துணை உப்பு. உப்பு கசப்பு உணர்வையே அடக்கக்கூடியது, அதனால் கீரை கசந்தால் சர்க்கரையைத் தேடுவதற்கு முன் உப்பு சரியாக இருக்கிறதா என்று பாருங்கள். அடுத்தது கொழுப்பு: நெய், தேங்காய், வேர்க்கடலை, எள், தயிர் ஏதாவது ஒன்று. பிறகு இனிப்பு. நன்றாக வதங்கிய வெங்காயமே பெரும்பாலும் போதும். கடைசியில் சில துளி எலுமிச்சைச் சாறு.

மற்ற கீரையோடு கலப்பது இன்னும் எளிது. பசலைக்கீரை போன்ற சாதுவான கீரை இரண்டு பங்கு, கடுகுக்கீரை ஒரு பங்கு என்று ஆரம்பித்து, பழகப் பழக விகிதத்தை மாற்றுங்கள். உருளைக்கிழங்கும் நல்ல ஜோடி.

ஒன்று சொல்ல வேண்டும். கசப்பு எல்லோர் நாக்கிலும் ஒரே அளவில் தெரிவதில்லை. 1931-ல் ஆர்தர் ஃபாக்ஸ் என்ற வேதியியலாளர், ஒரே வேதிப்பொருள் சிலருக்குக் கடுமையாகக் கசப்பதையும் சிலருக்குச் சுவையே தெரியாததையும் கவனித்தார். இந்த வேறுபாட்டுக்குக் காரணமான மரபணு பின்னர் கண்டறியப்பட்டது. கடுகுக் குடும்பத்துக் காய்கறிகளின் கசப்பு கூடுதலாகத் தெரிவதற்கும் அதற்கும் தொடர்பு உண்டு. ஆகவே வீட்டில் ஒருவர் "கசக்கிறது" என்றால் பிடிவாதம் என்று நினைக்காதீர்கள். அவருக்கு உண்மையிலேயே அதிகம் கசக்கலாம்.

வாங்கும்போது என்ன பார்ப்பது?

இலை விறைப்பாக, நல்ல பச்சையாக இருக்க வேண்டும். மஞ்சள் படர்ந்திருந்தாலோ, கட்டின் நடுவே ஈரமாகிக் கொழகொழத்திருந்தாலோ விட்டுவிடுங்கள். கட்டைப் பிரித்து நடுவில் பாருங்கள், அழுகல் அங்குதான் தொடங்கும். காம்பின் வெட்டுவாய் காய்ந்து வெளிறியிருந்தால் பறித்து நாளாகிவிட்டது.

மொட்டோ பூவோ தெரிந்தால் செடி முற்றிவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட இலையிலும் கடும் வெயிலில் வளர்ந்த இலையிலும் காரமும் கசப்பும் அதிகமாக இருக்கும். கை அகலத்துக்கும் சிறிய இளம் இலை பச்சையாகச் சாப்பிட, பெரிய இலை சமைக்க.

மண் போகக் கழுவுவது எப்படி?

ஓடும் குழாய்நீரில் காட்டினால் மட்டும் போதாது. சுருள் இலையில் மண் ஒளிந்துகொள்ளும். அகலமான பாத்திரத்தில் நீர் நிறைத்து, இலைகளை அமிழ்த்தி அலசி, சில நிமிடம் விட்டு, இலைகளை மேலாக அள்ளி எடுங்கள். பாத்திரத்தோடு வடிகட்டியில் கவிழ்த்தால் அடியில் தங்கிய மண் மறுபடி இலை மேலேயே விழும். அடியில் மண் தெரியாத வரை திரும்பச் செய்யுங்கள். அரிவதற்கு முன்பே கழுவிவிடுங்கள், அரிந்த பின் கழுவினால் சத்தும் நீரோடு போகும்.

தண்டைச் சேர்க்கலாமா?

இளசாக இருந்தால் சேர்க்கலாம். நகத்தால் கிள்ளினால் பட்டென்று ஒடிய வேண்டும். முற்றிய தண்டென்றால் மேல் நாரை உரித்து, பொடியாக நறுக்கி, இலைக்கு 4, 5 நிமிடம் முன்னதாகவே வாணலியில் போடுங்கள். இலையும் தண்டும் ஒன்றாகப் போனால், தண்டு வேகும் நேரத்தில் இலை குழைந்துவிடும்.

வெந்த பின் ஒரு பிடி ஆகிவிடுகிறதே, எவ்வளவு எடுக்க வேண்டும்?

கீரையில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். வாணலியை நிறைத்து வழியும் இலை ஐந்து நிமிடத்தில் அடியில் ஒட்டிக்கொள்ளும். தனிப் பொரியலாக என்றால் நான்கு பேருக்கு அரைக் கிலோ, பருப்போடு சேர்த்தால் அதில் பாதி. உப்பை மட்டும் இலை சுருங்கிய பிறகே போடுங்கள். மலைபோல இருக்கும்போது கண்ணளவில் போட்டால் கரித்துவிடும்.

முதன்முறை சமைப்பவர் எதில் தொடங்கலாம்?

பூண்டு போட்ட வதக்கலில். அரைக் கிலோ கீரையை மேலே சொன்னபடி முழு இலையாகக் கொதிநீரில் 1 நிமிடம் போட்டு எடுத்து, பிழிந்து, ஓரளவு பெரிதாக அரிந்துகொள்ளுங்கள். வாணலியில் 2 தேக்கரண்டி எண்ணெய் விட்டு, தட்டிய பூண்டு 6 பல், கிள்ளிய வற்றல் மிளகாய் 2 போட்டு, நடுத்தரமான தீயில் வையுங்கள். பூண்டு பொன்னிறத்தைத் தொடும்போதே கீரையைப் போட்டுவிடுங்கள். பூண்டு கருகினால் அதன் கசப்பும் கீரையின் கசப்பும் சேர்ந்துகொள்ளும், பிறகு எதைச் சேர்த்தும் மீட்க முடியாது. உப்புப் போட்டு, தீயைக் கூட்டி, 3 நிமிடம் பிரட்டுங்கள். இறக்கியதும் எலுமிச்சை பிழியுங்கள். அவ்வளவுதான்.

பிழிவதைச் சரியாகச் செய்யுங்கள் என்று மட்டும் வலியுறுத்துவேன். ஈரம் தங்கினால் வதங்காது, வேகத்தான் செய்யும்.

பருப்போடு கடைவது எப்படி?

என்னைக் கேட்டால் இந்தக் கீரைக்கு இதைவிடப் பொருத்தமான இடம் கிடையாது. பருப்பின் மாவுத்தன்மை கசப்பை உள்வாங்கிக்கொள்ளும், கீரையோ பருப்புக்குச் சுறுசுறுப்பான ஒரு குணத்தைக் கொடுக்கும்.

அரை கப் பாசிப்பருப்பை லேசாக வறுத்து, மஞ்சள்தூள் சேர்த்து, குழைய வேகவையுங்கள். தனியாக ஒரு பெரிய வெங்காயம், 2 தக்காளி, 2 பச்சை மிளகாய், ஒரு சிறு துண்டு இஞ்சி ஆகியவற்றை எண்ணெயில் வதக்குங்கள். வெங்காயத்தை அவசரப்படுத்தாதீர்கள், அது நன்றாக நிறம் மாறி இனிப்பு வரும்வரை விடுங்கள். கால் கிலோ கீரையை அரிந்து சேர்த்து, மூடாமல் 6, 7 நிமிடம் வேகவிடுங்கள். வெந்ததும் மத்தால் கடையுங்கள். மிக்ஸியில் அடித்தால் பசைபோல ஆகிவிடும், மத்தில்தான் நார்நாராகக் கீரை தெரியும் பதம் வரும். பருப்பைக் கலந்து, உப்புப் போட்டு, ஒரே ஒரு கொதி விட்டு இறக்குங்கள். நெய்யில் சீரகமும் பூண்டும் தாளித்துக் கொட்டுங்கள்.

இதற்கு இலையை முன்கூட்டியே கொதிநீரில் போட வேண்டியதில்லை. கடையும்போதும் கொதிக்கும்போதும் காரம் தானாகவே அடங்கிவிடும். முற்றிய இலை என்றால் மட்டும் போட்டு எடுங்கள்.

பச்சையாகச் சாப்பிடலாமா?

இளம் இலையைத் தாராளமாக. மெல்லியதாக அரிந்து வெள்ளரி, கேரட், வறுத்த வேர்க்கடலையோடு கலந்து, எண்ணெயும் எலுமிச்சையும் உப்பும் சேருங்கள். ரொட்டிக்கு நடுவே இரண்டு இலை வைத்தாலே தனிக் காரச் சட்னி தேவைப்படாது. பெரிய இலையைப் பச்சையாகச் சாப்பிட வேண்டுமென்றால், உப்பும் எலுமிச்சையும் தேய்த்துக் கையால் பிசைந்து 15 நிமிடம் வைத்தால் இளகும்.

துவையல் அரைக்க வருமா?

வரும், பச்சையாக மட்டும் அரைக்காதீர்கள். அரைப்பது என்பது செல்களை முழுவதுமாக உடைப்பது, ஆகவே காரமும் முழு அளவில் வெளிப்படும். நான் அப்படி ஒருமுறை அரைத்து மிக்ஸி மூடியைத் திறந்தபோது கண்ணெல்லாம் எரிந்தது. இலையை எண்ணெயில் நன்றாகச் சுருள வதக்கி, ஆறவைத்து, வறுத்த உளுத்தம்பருப்பு, தேங்காய், வற்றல் மிளகாய், கொஞ்சம் புளியோடு கெட்டியாக அரையுங்கள்.

சமைத்தால் பச்சை நிறம் மங்கிப் பாசி நிறமாகிறது. தடுக்க முடியுமா?

இலையில் இயல்பாக உள்ள அமிலம் வெப்பத்தில் பச்சையத்தோடு சேர்ந்து அதிலுள்ள மெக்னீசியத்தை வெளியேற்றிவிடுவதால் இப்படி ஆகிறது. எனவே மூடி போடாதீர்கள், ஆவியோடு அமிலமும் வெளியேறட்டும். வேகும் நேரத்தைக் குறையுங்கள். எலுமிச்சை, தக்காளி, புளி எதுவானாலும் சேர்க்கும் நேரம் தள்ளிப் போகப் போக நிறம் நிற்கும். மேலே சொன்ன கடைசலில் தக்காளி முன்பே சேர்வதால் நிறம் மங்கத்தான் செய்யும், சுவைக்காக அதை நான் பொருட்படுத்துவதில்லை.

சமையல் சோடா போட்டால் பளிச்சென்று பச்சை நிற்கும். ஆனால் இலை கூழாகிவிடும், வைட்டமின் சி-யும் அழியும். வேண்டாம்.

புளிக்கவைத்து ஊறுகாய் போடலாம் என்கிறார்களே?

கடுகுக்கீரை இதற்கென்றே பிறந்தது போல இருக்கும். தடித்த தண்டும் பெரிய இலையும் உள்ள வகை நல்லது. கழுவிய இலைகளை அரை நாள் நிழலில் வாடவிடுங்கள். எடைபோட்டு, 1 கிலோவுக்கு 25 கிராம் உப்பு சேர்த்து, சாறு கசியும்வரை பிசையுங்கள். சுத்தமான கண்ணாடி ஜாடியில் அழுத்தி அடைத்து, இலை முழுதும் சாற்றுக்குள் மூழ்கும்படி மேலே ஒரு பாரம் வையுங்கள். இலை காற்றில் படாமல் இருப்பதுதான் முக்கியம். இலையில் இயற்கையாக இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியா மீதி வேலையைப் பார்த்துக்கொள்ளும்.

மூடியை இறுக்காதீர்கள், வாயு வெளியேற வேண்டும். வெதுவெதுப்பான இடத்தில் 3, 4 நாளிலும், குளிர்ச்சியான இடத்தில் ஒரு வாரத்துக்கு மேலும் ஆகும். இலை மஞ்சள் கலந்த பாசி நிறமாகி, இதமான புளிப்பு வாசம் வந்ததும் ஃபிரிட்ஜுக்கு மாற்றுங்கள். மேலே மெல்லிய வெள்ளை ஏடு படர்ந்தால் அதை நீக்கிவிட்டுப் பயன்படுத்தலாம். பஞ்சுபோல, பச்சையாகவோ கறுப்பாகவோ பூஞ்சை வந்தாலும், அழுகல் நாற்றம் அடித்தாலும் மொத்தத்தையும் தூக்கி எறியுங்கள். மேலாக எடுத்துவிட்டு மீதியைக் காப்பாற்ற நினைக்க வேண்டாம்.

எத்தனை நாள் வைத்திருக்கலாம்?

கழுவாமல், லேசாக ஈரமான துணியில் சுற்றி ஃபிரிட்ஜில் வைத்தால் 4, 5 நாள் தாங்கும். ஆப்பிள், வாழைப்பழம் பக்கத்தில் வைக்காதீர்கள், அவை வெளியிடும் எத்திலீன் வாயு இலையைச் சீக்கிரம் மஞ்சளாக்கும். நிறைய கிடைத்துவிட்டால் கொதிநீரில் 2 நிமிடம் போட்டு, குளிர்ந்த நீரில் ஆற்றி, பிழிந்து, உருண்டைகளாக்கி உறைய வையுங்கள். பல மாதங்கள் இருக்கும். கொதிநீர்ப் படியைத் தாண்டி நேராக உறைய வைத்தால் நொதிகள் உறைநிலையிலும் மெல்ல வேலை செய்து சுவையைக் கெடுக்கும்.

சமைத்த கீரையை மறுபடி சூடாக்கலாமா?

இரண்டு மணி நேரத்துக்குள் ஃபிரிட்ஜில் வைத்திருந்தால், மறுநாள் ஒருமுறை நன்றாகச் சூடாக்கிச் சாப்பிடலாம். வெளியே வெகுநேரம் கிடந்தது என்றால் வேண்டாம்.

சத்து என்ன இருக்கிறது?

100 கிராம் பச்சை இலையில் சுமார் 27 கலோரி, 70 மில்லிகிராம் வைட்டமின் சி, 115 மில்லிகிராம் கால்சியம், 3 கிராம் நார்ச்சத்து. வைட்டமின் கே ஒரு நாள் தேவையைப்போல இரண்டு மடங்குக்கும் மேல். பசலைக்கீரையிலும் கால்சியம் உண்டு, ஆனால் அதிலுள்ள ஆக்சலேட் அதைப் பிடித்து வைத்துக்கொள்வதால் உடலில் கொஞ்சம்தான் சேரும். கடுகுக்கீரையில் ஆக்சலேட் குறைவு, கால்சியம் நன்றாகச் சேரும்.

யாராவது கவனமாக இருக்க வேண்டுமா?

மூன்று பேர். ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலாவது. வைட்டமின் கே அந்த மருந்துக்கு எதிராக வேலை செய்யும். கீரையை அறவே விட வேண்டும் என்பதில்லை, வாரம்தோறும் ஏறக்குறைய ஒரே அளவு சாப்பிட வேண்டும். ஒரு வாரம் இல்லவே இல்லை, மறுவாரம் தினமும் என்பதுதான் ஆபத்து. அளவை மருத்துவரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

தைராய்டு குறைபாடு உள்ளவர்கள் பச்சையாக நிறைய சாப்பிடுவதைத் தவிர்க்கலாம். இந்தக் குடும்பத்துக் கீரைகளில் உருவாகும் சில பொருட்கள் அயோடினைத் தைராய்டு எடுத்துக்கொள்வதைத் தடுக்கக்கூடியவை. வேகவைத்தால் அவை குறையும். அயோடின் போதுமான அளவு கிடைப்பவர் சமைத்த கீரையை அளவாகச் சாப்பிட்டால் பொதுவாகத் தொல்லை இல்லை.

கடுகு ஒவ்வாமை உள்ளவர்கள் கீரையையும் தொட வேண்டாம்.

சமையலறைக் கடுகை விதைத்தே கீரை எடுக்கலாமா?

எடுக்கலாம், செய்தும் பாருங்கள். தாளிக்கும் கடுகில் ஒரு தேக்கரண்டி எடுத்து, ஈரமண்ணில் தூவி, மேலே மெல்லியதாக மண் போர்த்தினால் 3, 4 நாளில் முளைக்கும். நெருக்கமாக விதைத்து 10 நாளில் முளைக்கீரையாகக் கத்தரித்துக்கொள்ளலாம். பெரிய இலை வேண்டுமென்றால் ஒரு சாண் இடைவெளி விட்டுக் கலைத்துவிட்டு, 30 முதல் 40 நாள் காத்திருங்கள். குளிர்ச்சியான பருவத்தில் இலை மென்மையாக வரும். விதைக்கடையில் விற்கும் மருந்து பூசிய விதையை மட்டும் முளைக்கீரைக்குப் பயன்படுத்தாதீர்கள்.

வெளி இலைகளை மட்டும் பறித்தால் நடுக்குருத்து மறுபடி தழைக்கும். வெயில் ஏறியதும் செடி பூக்கத் தொடங்கும். அப்போது இலையை விட்டுவிட்டு மஞ்சள் பூங்கொத்தைக் கிள்ளுங்கள். லேசான காரமும் தேன் வாசமும் இருக்கும், சூடான பருப்புச் சாதத்தின் மேல் தூவினாலே போதும். பறிக்காமல் விட்ட பூக்கள் காயாகி முற்றும். காய்கள் வைக்கோல் நிறத்துக்கு வந்ததும், வெடிப்பதற்கு முன் கிளையோடு அறுத்து ஒரு காகிதப் பையில் தலைகீழாகக் கட்டி வைத்தால், அடுத்த விதைப்புக்கும் தாளிப்புக்கும் கடுகு கிடைத்துவிடும்.